ஆசாரி பட்டறையில் புது மெஷின்



இன்றைய பேச்சு மர வேலை பற்றியது. உங்களில் சிலருக்கு மர வேலை தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டியோ, கட்டிலோ, அலமாரியோ இருக்கும். அதைச் செய்தவர் ஒரு ஆசாரி. உளி, இழைப்புளி, ரம்பம், சுத்தியல், மூலைமட்டம், ஒரு டேப். இவ்வளவுதான் அவருடைய சொத்து. மற்றதெல்லாம் கையிலும் கண்ணிலும் இருந்தது.

இப்போது அந்தப் பட்டறைக்குள் கணினி வந்துவிட்டது. கணினி சொல்ல, மெஷின் வெட்டுகிறது. இது நல்லதா, கெட்டதா? கேட்டு முடித்த பிறகு நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பட்டறைக்குப் போய் வரலாம்.

பெங்களூரில் காமாட்சிபாளையா என்று ஒரு பகுதி. சின்னச் சின்னத் தொழில்கூடங்கள் நிறைந்த இடம். ஒரு கொட்டகையில் லேத் ஓடும். பக்கத்துக் கொட்டகையில் தகரம் வளைப்பார்கள். அங்கே ஒரு தகரக் கூரைப் பட்டறை. அதை நடத்துகிறவர் ஒரு தமிழ் ஆசாரி. அவருடைய சொந்த ஊர் கோலார் தங்கவயல்.

தங்கவயல் உங்களில் பலர் கேள்விப்பட்ட ஊர். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கத்தில் உழைத்தார்கள். சுரங்கம் சரியாமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுப்பார்கள். ஆசாரியின் அப்பா அந்த வேலை செய்தவர். மகனும் சுரங்கத்தின் மர வேலைப் பிரிவில் சேர்ந்தார். 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

பிறகு என்ன? மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறுவார். பெங்களூரில் கூலி வேலை. ராத்திரி திரும்புவார். நான்கு வருடம் அப்படி ஓடியது. அப்புறம் பெங்களூரிலேயே வாடகைக்குக் குடி வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தனிப் பட்டறை போட்டார்.

அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் வீட்டிலேயே வேலை நடக்கும். பலகைகளை அங்கேயே இறக்குவார்கள். அங்கேயே அறுப்பு, அங்கேயே இழைப்பு, அங்கேயே பாலிஷ். ஒரு சமையலறை முடிய இரண்டு மாதம் ஆகும். வீடு முழுக்கத் தூள். வீட்டு அம்மா தினமும் டீ போட்டுக் கொடுப்பார். தினமும் ஒரு சண்டையும் நடக்கும்.

இப்போது யாருக்கும் இரண்டு மாதம் பொறுமை இல்லை. அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. சில அடுக்குமாடிகளில் சத்தம் போடக்கூடாது, இத்தனை மணிக்கு மேல் வேலை கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஆகவே பெட்டிகளைப் பட்டறையிலேயே செய்து, வண்டியில் ஏற்றி, வீட்டில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். இதற்கு மாடுலர் கிச்சன் என்று பெயர். பெரிய கம்பெனிகள் பதினைந்து நாளில் தருகிறோம் என்று விளம்பரம் செய்கின்றன. ஆசாரியிடம் வந்துகொண்டிருந்தவர்களும் அங்கே போக ஆரம்பித்தார்கள்.

ஆசாரிக்கு ஒரு மகள். ஐ.டி.ஐ.யில் படம் வரையும் படிப்பு படித்தவள். கணினியில் அலமாரி வரையக் கற்றுக்கொண்டாள். அவள்தான் சொன்னாள்: "அப்பா, ஒரு ரூட்டர் மெஷின் போடலாம்ப்பா. இல்லேன்னா ரெண்டு வருஷத்துல பட்டறையை மூட வேண்டியதுதான்."

ரூட்டர் என்றால் என்ன? தச்சர் கையில் பிடித்து ஓட்டும் ஒரு மின்கருவி உண்டு. நுனியில் ஒரு பிட் வேகமாகச் சுற்றும். பலகையில் குழி எடுக்கும், ஓரம் சீவும். அதுதான் கை ரூட்டர். அதையே ஒரு பெரிய மேசைக்கு மேல், மூன்று திசையில் நகரும் கையில் மாட்டினால் எப்படி இருக்கும்? இடம் வலமாகப் போகும். முன்னும் பின்னும் போகும். மேலும் கீழும் போகும். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணினி எண்களால் சொல்லும். இதுதான் சி.என்.சி. ரூட்டர். எண்களால் ஓடும் மெஷின். பிட் ஒரு நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும்.

எண்களால் ஓடும் மெஷின் புதிதாக வந்தது அல்ல. 1952-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில் இப்படி ஒரு மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். அது உலோகம் வெட்டும் மெஷின். விமானப் பாகங்கள் செய்ய அது தேவைப்பட்டது. மரப்பட்டறைக்கு அது வந்து சேரப் பல வருடம் பிடித்தது. சின்னப் பட்டறைக்கு வர இன்னும் பல வருடம்.

மெஷின் விலை 9 லட்சம். வங்கிக் கடன். வட்டி நூற்றுக்கு 11. ஐந்து வருடம், அதாவது 60 தவணை. மாதம் சுமார் 19,600 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மாதத்தில் கட்டுவது 11 லட்சத்து 76 ஆயிரம். வட்டி மட்டும் 2 லட்சத்து 76 ஆயிரம். ஆசாரி இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி தூங்கவில்லை. தங்கவயலில் கடன் வாங்கி நொந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

பட்டறையில் மூன்று பேர் வேலை செய்தார்கள். ஒருவர் வயதானவர். தங்கவயலிலேயே ஆசாரியோடு இருந்தவர். ஆசாரி அவரை "அண்ணே" என்பார். மகள் "பெரியப்பா" என்பாள். இன்னொருவர் பீகாரிலிருந்து வந்த இளைஞர். மூன்றாவது, உள்ளூர்ப் பையன் ஒருவன். அவனுக்குப் பலகை அறுக்கும் வேலை. மெஷின் லாரியில் வந்து இறங்கியதும் பெரியவர் கேட்டார்: "தம்பி, இது வந்தா எங்க கதி என்ன?" ஆசாரி பதில் சொல்லவில்லை. பதில் அவருக்கே தெரியாது.

சரி, மெஷின் எப்படி வேலை செய்கிறது?

முதலில் கணினியில் சமையலறையை வரைய வேண்டும். சுவர், ஜன்னல், தண்ணீர்க் குழாய், கேஸ் சிலிண்டர் எல்லாம் இருக்கும் இடத்தில் வர வேண்டும். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். வீட்டுக்காரர் திரையில் பார்த்து, "இந்தக் கதவு வேண்டாம், டிராயர் போடுங்கள்" என்பார். காகிதத்தில் என்றால் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டும். இங்கே ஐந்து நிமிடம்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. திரையில் எல்லாமே அழகாகத் தெரியும். பளபளவென்று வெளிச்சம் விழும். பழக்கூடைகூட வைத்துக் காட்டும். வீட்டுக்காரர் அந்தப் பழக்கூடையைப் பார்த்து மயங்குவார். பிறகு, படத்தில் இருந்த நிறம் இது இல்லை என்பார். அதனால் இந்தப் பட்டறையில் மைக்காவின் நிஜத் துண்டைக் கையில் கொடுத்து, படத்தின் மேல் கையெழுத்து வாங்குகிறார்கள். அளவுகள் எழுதிய பக்கத்திலும் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்து இல்லாமல் பலகை வெட்டுவது இல்லை.

ஒன்றை மட்டும் ஆசாரி கணினிக்கு விட்டுத் தருவது இல்லை. சமையல் மேடையின் உயரம். வீட்டில் சமைப்பவர் யாரோ அவரை நிற்கச் சொல்வார். முழங்கையை மடக்கச் சொல்வார். முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே கோடு போடுவார். அதுதான் மேடை. குள்ளமான அம்மாவுக்கு உயரமான மேடை போட்டால் ஆயுசுக்கும் தோள் வலிதான். பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம் போடுவதை அவர் ஒத்துக்கொள்வதே இல்லை.

படம் முடிந்ததும் கணினி அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு பட்டியல் தரும். இடது பக்கம், வலது பக்கம், அடிப் பலகை, முதுகுப் பலகை, டிராயர் முன், டிராயர் பின். ஒரு நடுத்தரச் சமையலறைக்கு நூறு துண்டுக்கு மேல் வரும். அந்தத் துண்டுகளைப் பலகைக்குள் அடுக்கிப் பார்க்கும். பிளைவுட் பலகையின் அளவு 8 அடிக்கு 4 அடி. மில்லிமீட்டரில் 2440-க்கு 1220. கீழ்ப் பெட்டியின் பக்கப் பலகை 720-க்கு 560. ஒரு பலகையில் ஆறு பக்கம் வரும். மிச்சம் ஒரு அடிக்கும் குறைந்த அகலத்தில் ஒரு துண்டு நிற்கும். அந்தத் துண்டில் டிராயர் பக்கங்களை அடக்கும். பிட் தின்னும் 6 மில்லிமீட்டரையும் கழித்துக்கொள்ளும். ஆசாரியும் இதைத் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தவர்தான். ஆனால் நூறு துண்டை மனதில் அடுக்குவது கடினம். இங்கே கணினி அவரை ஜெயித்துவிட்டது. அதை அவரே சொல்கிறார்.

இன்னொரு இடத்திலும் மெஷின் ஜெயித்தது. கதவுக்குக் கீல் மாட்ட 35 மில்லிமீட்டர் வட்டக் குழி எடுக்க வேண்டும். ஆழம் 12 மில்லிமீட்டர் சொச்சம். பலகையே 18 மில்லிமீட்டர்தான். கை கொஞ்சம் அழுந்தினால் மறுபக்கம் மைக்கா பொத்துக்கொள்ளும். ஒரு கதவு போச்சு. மெஷின் ஐம்பது குழியையும் ஒரே ஆழத்தில் எடுத்தது. பெரியவர் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய் டீ குடித்தார்.

இனி, அந்தப் பட்டறையில் நடந்த ஒரு சங்கடத்தைக் கேளுங்கள்.

அதற்கு முன் பிளைவுட் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். மரத்தை மெல்லிய தோலாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அழுத்திச் செய்வது பிளைவுட். ஒரு காலத்தில் அசாம் முதலான வடகிழக்குப் பகுதிகளின் காட்டு மரத்திலிருந்து நிறைய வந்தது. 1996-ம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை போட்டது. பிறகு தோட்டத்து மரங்களுக்கு மவுசு வந்தது. ஹரியானாவில் யமுனாநகர். அங்கே பாப்ளர், தைல மரம். கேரளாவில் பெரும்பாவூர். அங்கே ரப்பர் மரம் நிறைய. பெங்களூர்க் கடைகளுக்கு இரண்டு ஊர்ச் சரக்கும் வருகிறது. தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 என்று முத்திரை போட்ட பலகை கேட்டு வாங்க வேண்டும். முத்திரையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் வாய் வார்த்தை போதாது.

பலகையில் 18 மில்லிமீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். அளந்து பார்த்தால் 18 இருக்காது. ஒரு லோடில் 17 அரை இருக்கும். இன்னொரு லோடில் 17-க்குப் பக்கம் இருக்கும். கையால் வேலை செய்யும் ஆசாரிக்கு இது ஒரு விஷயமே இல்லை. அவர் பலகையை எடுத்து வைத்து, அந்தப் பலகையைக் கொண்டே கோடு போடுவார். எவ்வளவு தடிமனோ அவ்வளவு தானாகவே வரும். கணினி பலகையைப் பார்த்ததே இல்லை. சொன்னதை நம்பும்.

மெஷின் வந்து இரண்டாவது மாதம். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு வீடு. பெரிய வேலை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரு பக்கமும் மைக்கா ஒட்டியே வரும் பிளைவுட் வாங்கினார்கள். மகள் கணினியில் தடிமன் 18 என்று அடித்தாள். மெஷின் இரண்டு நாளில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியது. பெட்டிகள் நின்றன. ஒன்பது டிராயர்கள். சேனல் மாட்டி டிராயரைத் தள்ளினால் லொடலொடவென்று ஆடுகிறது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் கழன்றுகொள்கிறது. ஒன்பதும் அப்படியே.

ஏன் அப்படி? கணக்கைப் பாருங்கள். பெட்டியின் உள் அகலம் 564 மில்லிமீட்டர். சேனலுக்கு இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 13. 26 போனால் டிராயரின் வெளி அகலம் 538 இருக்க வேண்டும். அதில் இரண்டு பக்கப் பலகைகள் 18, 18. மொத்தம் 36 போனால் மீதி 502. முன் பலகையையும் பின் பலகையையும் 502 என்று கணினி வெட்டச் சொன்னது. மெஷின் சரியாக 502 வெட்டியது. ஆனால் பலகையின் நிஜத் தடிமன் 17.2. ஆக 502, அதோடு 17.2, இன்னொரு 17.2. கூட்டினால் 536.4. வேண்டியது 538. 1.6 மில்லிமீட்டர் குறைவு.

மகளுக்கு இது பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. பிடிபட்டதும் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டுத் துண்டையும் புதிதாக வெட்ட வேண்டும். பலகை வாங்க வேண்டும். கடைக்காரரிடம் அந்த நிறம் வர ஒரு வாரம். கிரகப்பிரவேசத்துக்கு மீதி நான்கு நாள். முன்பணம் வாங்கியாயிற்று. தவணை தேதி வேறு வருகிறது. பீகார்த் தம்பி மெஷினைத் திட்டினார். ஆசாரி மகளைத் திட்டினார். அது தப்பு. திட்டும்போதே அவருக்கும் தெரியும். தடிமனை அளந்து பார் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லித்தர வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

பெரியவர் ஒரு டிராயரைக் கையில் எடுத்தார். சேனலில் மாட்டினார். இப்படியும் அப்படியும் இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"அரை நூல் குறையுது, பாப்பா" என்றார்.

நூல் என்பது தச்சர் கணக்கு. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எட்டால் வகுத்தால் ஒரு நூல் 3 மில்லிமீட்டர் சொச்சம். அரை நூல் 1.6 மில்லிமீட்டர். மகள் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததைப் பெரியவரின் விரல் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டது.

"ரெண்டு பக்கமும் கால் கால் நூல் பேக்கிங் குடுத்தா நிக்கும்" என்றார் பெரியவர்.

மூலையில் மைக்காத் துண்டுகள் கிடந்தன. கதவுகளின் உள்பக்கம் ஒட்டிய வெள்ளை மைக்காவின் மிச்சம். அதன் தடிமன் 0.8 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு. 0.8-ம் 0.8-ம் 1.6. சேனல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, சேனலுக்குப் பின்னால் வைத்து, திருகு போட்டார்கள். டிராயரைத் தள்ளினால் சத்தம் இல்லாமல் போய் நின்றது. அன்று ராத்திரி பதினொரு மணி வரை ஒன்பதையும் முடித்தார்கள். மகளும் திருகு முடுக்கினாள். பெட்டிகளின் வரிசையும் மொத்தத்தில் 8 மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது. சுவர் ஓரம் ஒரு பட்டை வைத்து அதை அடைத்தார்கள். கிரகப்பிரவேசம் நடந்தது.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னார்களா? சொன்னார்கள். ஆசாரி டிராயரை இழுத்துக் காட்டி, பின்னால் பட்டை இருப்பதையும் காட்டினார். வீட்டுக்காரர் முகம் சுளித்தார். கொஞ்ச நாள் கழித்துத்தான் கடைசித் தொகையைக் கொடுத்தார். மறைத்திருந்தால் அன்றே வாங்கியிருக்கலாம். ஆனால் என்றைக்காவது சேனல் மாற்றும்போது தெரிந்துவிடும். அப்போது பட்டறையின் பெயர் என்ன ஆகும்?

அதன்பிறகு அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. பலகை வந்து இறங்கியதும் வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொரு பலகையையும் நான்கு மூலையிலும் அளக்கிறார்கள். பலகையின் மேல் பென்சிலால் எண்ணை எழுதுகிறார்கள். 17.2, 17.4, 17.5. ஒரே தடிமன் உள்ளவற்றை ஒன்றாக அடுக்குகிறார்கள். அளக்கும் பொறுப்பு பெரியவருக்கு. அவர் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் மகள் கணினியில் அடிக்கிறாள். முதலில் ஒரு பெட்டியை மட்டும் வெட்டிப் பூட்டிப் பார்க்கிறார்கள். சரியாக வந்தால்தான் மீதி.

துண்டுகளில் ஒட்டும் சீட்டிலும் ஒரு வம்பு வந்தது. ஒவ்வொரு துண்டும் எது என்று தெரிய, கணினி ஒரு சீட்டு அச்சடிக்கும். அது ஆங்கிலத்தில் இருந்தது. பெரியவருக்கு எண்கள் தெரியும். ஆங்கில எழுத்து தெரியாது. இடது பக்கப் பலகையும் வலது பக்கப் பலகையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடியில் பார்ப்பது போல் மாறியிருக்கும், அவ்வளவுதான். அவர் முன் ஓரத்துக்குப் பதில் பின் ஓரத்தில் பட்டை ஒட்டிவிட்டார். நான்கு பலகை. கோபம் வந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது? பீகார்த் தம்பிக்கு இந்திதான் தெரியும். மகளுக்குத் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும்.

அவள் சீட்டை மாற்றினாள். பெரிதாக ஒரு எண். கீழே பலகையின் சின்னப் படம். பட்டை ஒட்ட வேண்டிய ஓரத்தில் தடித்த கோடு. இடது என்றால் "இ", வலது என்றால் "வ". தம்பிக்கு அந்த இரண்டு எழுத்தையும் பெரியவர்தான் சொல்லித் தந்தார். இப்போது பீகார்த் தம்பி தமிழில் படிக்கும் எழுத்து அந்த இரண்டுதான்.

சுவர் விஷயம் இன்னும் பெரியது. கணினித் திரையில் சுவர் நேராக நிற்கும். மூலை சரியாக மட்டத்துக்கு இருக்கும். நிஜச் சுவர் அப்படியா நிற்கிறது? பூச்சுக்காரர் கை போன போக்கில் போயிருக்கும். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. புதுப் பட்டறைக்காரர்கள் பலர் இங்கேதான் விழுகிறார்கள். ஒரே இடத்தில் அளந்து கணினியில் போட்டுவிடுவார்கள். பெட்டி உள்ளே நுழையாது. ஆசாரி தரையிலும், இடுப்பு உயரத்திலும், தலை உயரத்திலும் அளக்கிறார். மூன்றில் எது சின்னதோ அதை எடுக்கிறார். மூலையில் மூலைமட்டம் வைக்கிறார். தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கிறார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அளந்தாரா, ஒட்டிய பின் அளந்தாரா என்பதையும் குறித்துக்கொள்கிறார். இந்த வேலையை அவர் யாரிடமும் விடுவது இல்லை.

தூள் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. மரத்தூளை நம் ஆட்கள் தூசி என்றே நினைப்பது இல்லை. சாணி மாதிரி சுத்தமானது என்று நினைக்கிறார்கள். 1995-ம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. ரம்பம் போடும் தூளைவிட ரூட்டர் போடும் தூள் மெல்லியது. காற்றிலேயே மிதக்கும். மூக்கில் துணி கட்டினால் போதாது. தூளை உறிஞ்சும் மெஷினும் பையும் வேண்டும். இந்தப் பட்டறை முதல் ஆறு மாதம் அதை வாங்கவில்லை. பணம் இல்லை என்றார்கள். பெரியவருக்கு இருமல் வந்த பிறகுதான் வாங்கினார்கள். 9 லட்சத்துக்கு மெஷின் வாங்கியவர்கள் இதையும் சேர்த்தே கடன் கேட்டிருக்க வேண்டும்.

பிட் சுற்றும்போது கையுறை போடக்கூடாது. துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும். மகள் கூந்தலை இறுக்கி முடிந்து, துப்பட்டாவை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மெஷின் அருகே போவாள். காதுக்கு மூடி உண்டு. பலகை நகராமல் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்ப்பாள். பலகை நகர்ந்தால் பிட் ஒடிந்து தெறிக்கும். தூள் பையை ராத்திரி காலி செய்துவிட வேண்டும். பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

பணம் எப்படிப் புரண்டது? அதுதான் எல்லோரும் கேட்பது. சொந்த வேலை மாதத்துக்கு இரண்டு சமையலறை வந்தது. மெஷினுக்கு அது போதாது. மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. தவணை சும்மா நிற்குமா? அப்போது ஆசாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. மைசூர் ரோடு டிம்பர் யார்டில் அவருக்குத் தெரிந்த ஆசாரிகள் பலர். ராஜஸ்தான்காரர்கள், தமிழர்கள், கன்னடக்காரர்கள். அவர்களிடம் மெஷின் இல்லை. "உங்க பலகையைக் கொண்டுவாங்க, வெட்டித் தர்றோம்" என்றார். ஒரு பலகைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பலகை ஏற்றி, வெட்டி, இறக்க அரை மணி நேரம். அவர்கள் துண்டுக் காகிதத்தில் அடி அங்குலம் நூல் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். மகள் அதை மில்லிமீட்டராக்கிக் கணினியில் போடுவாள். தவணையைக் காப்பாற்றியது இந்தக் கூலி வேலைதான்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. 2023-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பதினெட்டுத் தொழில்களில் தச்சுத் தொழிலும் ஒன்று. முதலில் 1 லட்சம், அதைக் கட்டிய பிறகு 2 லட்சம் வரை கடன். வட்டி நூற்றுக்கு 5. கருவி வாங்க 15,000 ரூபாய் உதவி. இந்தத் தொகையில் பெரிய மெஷின் வாங்க முடியாது. ஆனால் நல்ல கை ரூட்டர், தூள் உறிஞ்சி, வெர்னியர் அளவுகோல் வாங்கலாம். மெஷின் இருக்கும் பட்டறையில் கூலிக்கு வெட்டிக்கொண்டு, மீதியைக் கையால் செய்யலாம். சொந்த மெஷின் எல்லோருக்கும் தேவை இல்லை. மாதம் நான்கு பலகை வெட்டுகிறவர் 9 லட்சம் கடன் வாங்கினால் வங்கிக்குத்தான் உழைப்பார்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். "எங்க கதி என்ன?"

பெரியவருக்கு வேலை போகவில்லை. பலகை அளப்பது, பெட்டி பூட்டுவது, வீட்டில் போய்க் கதவு மட்டம் பார்ப்பது. இழைப்புளி வேலை குறைந்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் உண்டு. பீகார்த் தம்பி மெஷினில் பலகை ஏற்றக் கற்றுக்கொண்டார். கூலியும் கொஞ்சம் கூடியது. பலகை அறுத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவனுக்கும் கணினி சொல்லித் தருகிறேன் என்று மகள் சொன்னாள். அவன் இரண்டு நாள் உட்கார்ந்தான், மூன்றாம் நாள் வரவில்லை. இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். மெஷின் யாருடைய வேலையையும் எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆசாரி வேறு பக்கம் பார்ப்பார்.

ஆசாரி இன்னும் கணினியைத் தொடுவது இல்லை. புது வீட்டில் நின்று அளந்து, போனில் சொல்வார். மகள் பட்டறையில் உட்கார்ந்து அடிப்பாள்.

"அகலம் எட்டே கால் அடி, ரெண்டு நூல்."

"மில்லியில சொல்லுப்பா."

"அதை நீ போட்டுக்க. ஆனா ஜன்னல் பக்கம் சுவர் உள்ளே வருது. அதையும் எழுதிக்க."

"எவ்வளவு வருது?"

"இரு, குண்டு நிக்கட்டும்."